10 மீட்டர் ஏர் ரைஃபிள்: முதல் ஷாட் மேலே ஏறுகிறது, குரூப் செங்குத்தாக நீள்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

நெல்லை_177 எழுதியது:

வணக்கம். கைமாறி வந்த மேட்ச் ரைஃபிள். சிலிண்டரில் காற்று நிரப்பிச் சுடும் வகை, 4.5 மி.மீ., பீப் சைட் (சின்ன ஓட்டை வழியே குறிபார்க்கும் அமைப்பு). மகளின் பயிற்சிக்கு. கூடவே இரண்டு சிலிண்டர்கள் வந்தன, இரண்டும் 200 பார். ஒன்றில் 05/2014 என்றும் இன்னொன்றில் 11/2019 என்றும் பொறித்திருக்கிறது. கை பம்ப்பில் 180 பார் வரை ஏற்றி, அழுத்த மீட்டர் 50 பார் காட்டும்வரை சுடுகிறோம்.

மேசையில் மணல் பை வைத்து 10 மீட்டரில் 6 அட்டை சுட்டுப் பார்த்தேன், அட்டைக்கு 10 ஷாட். பத்து ஓட்டையும் சேர்ந்த கூட்டத்தை (குரூப்) வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் அகலம் சராசரி 6.5 மி.மீ., உயரம் 8 மி.மீ. ஒவ்வொரு அட்டைக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் ஷாட், மற்ற ஒன்பதின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 1.5 மி.மீ. மேலே விழுகிறது. அதை விட்டுவிட்டு அளந்தாலும் உயரம் 7.5 இருக்கிறது. பெல்லட் (ஈயக் குண்டு) 0.53 கிராம் மேட்ச் வகை, தலை அளவு 4.50.

மூன்று கேள்விகள். பெல்லட்டை மாற்றினால் சரியாகுமா? வேகத் திருகைத் திருகி வேகத்தை ஏற்றினால் குரூப் சுருங்குமா? ரெகுலேட்டரை (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் தரும் பாகம்) நானே பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

காற்றுக்குழல் எழுதியது:

மூன்று கேள்விக்கும் முன்னால் அந்த 05/2014 சிலிண்டரைப் பற்றிப் பேசியாக வேண்டும் சார். மேட்ச் ரைஃபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. உங்களுடையது 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இனி அதில் ஒரு பம்ப் காற்றுகூட ஏற்றாதீர்கள். வெளியே கீறல் இல்லை, காற்று கசியவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. நிரப்பி இறக்கி, நிரப்பி இறக்கி உலோகத்துக்கு வரும் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. 200 பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம், அதுவும் ஒரு பெண்பிள்ளையின் முகத்துக்கு அருகே. போட்டியிலும் காலாவதியாகாத சிலிண்டர் வைத்திருப்பது வீரரின் பொறுப்பு என்றுதான் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதி சொல்கிறது. காற்றை இறக்கும் திருகை வைத்து மெல்ல மெல்லக் காலி செய்யுங்கள். முழுதும் காலியானது உறுதியான பிறகு மரையை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். அப்படியே போட்டால் இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடுவார்.

இப்போது குரூப். உங்கள் எண்களில் இரண்டு தனித்தனிக் கோளாறு தெரிகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் எதுவும் தீராது.

170 மீட்டர்/வினாடியில் புறப்படும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.06 வினாடி எடுக்கும். அதற்குள் சுமார் 18 மி.மீ. கீழே இறங்கும். வேகம் 1 மீ/வி கூடினால் அந்த இறக்கம் 0.2 மி.மீ. குறையும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். முதல் ஷாட் 1.5 மி.மீ. மேலே என்றால் அது ஏழெட்டு மீ/வி கூடுதல் வேகத்தில் போகிறது. ரைஃபிள் சும்மா இருக்கும்போது ரெகுலேட்டரின் வால்வு சீட் (வால்வு அமர்ந்து மூடும் இடம்) வழியாகச் சிலிண்டர் காற்று கொஞ்சம் கொஞ்சமாக முன் அறைக்குள் ஊர்ந்து, அறை அழுத்தம் ஏறுகிறது. ரெகுலேட்டர் க்ரீப் என்பார்கள். முதல் ஷாட் அந்தக் கூடுதல் அழுத்தத்தைச் செலவழித்துவிடும், இரண்டாவதிலிருந்து பழைய நிலை.

ஆனால் அந்த முதல் ஷாட்டை நீக்கியும் உயரம் அகலத்தைவிட 1 மி.மீ. அதிகம். அது வேறு நோய். அதற்குக் குரோனோ (பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவி) தேவை. கடன் வாங்கியாவது ஒன்று பிடியுங்கள். 150 பாரில் தொடங்கி, 15 நிமிடம் சும்மா வைத்துவிட்டு 10 ஷாட், ஒரு நிமிடத்துக்கு ஒன்று. பிறகு 5 நிமிட இடைவெளி விட்டு ஒன்று. கடைசியாக மீட்டர் 70, 60, 50 காட்டும்போது தலா மூன்று. எல்லா எண்ணையும் இங்கே போடுங்கள்.

வேகத்தை ஏற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 0.53 கிராம் பெல்லட் 168 மீ/வியில் போனால் ஏறத்தாழ 7.5 ஜூல். ஜெர்மன் ரைஃபிள்களில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்று பொறித்திருப்பது இந்த 7.5 ஜூல் வரம்பைத்தான் குறிக்கிறது, உலகத்தரப் போட்டிகள் எல்லாம் இந்த அளவிலேயே நடக்கின்றன. திருகை ஏற்றினால் உதைப்பும் அதிர்வும் கூடும், குரூப் சுருங்காது. நம் ஆயுத விதிகள் 2016-இல் உரிமம் தேவையில்லாத ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 20 ஜூல், 4.5 மி.மீ. குழல். மேட்ச் ரைஃபிள் அதற்கு வெகு கீழே நிற்கிறது, அங்கேயே நிற்கட்டும்.

பத்தரை எழுதியது:

பெல்லட் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

தலை அளவு 4.50 என்று டப்பாவில் இருப்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அதே கம்பெனி, அதே 4.50, ஆனால் வேறு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) என்றால் உங்கள் பேரலில் முற்றிலும் வேறு மாதிரி குரூப் போடலாம். அதனால் தேட வேண்டியது லாட். 4.49, 4.50, 4.51 மூன்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சோதித்து, எது நன்றாக வருகிறதோ அதே லாட் எண்ணில் ஒரு வருடத்துக்குத் தேவையானதை எடுத்துவிடுங்கள். மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் போய் அந்த லாட் கேட்டால் கிடைக்காது.

சோதிக்கும் முறை முக்கியம். ஸ்டாக்கை (தோளில் அணைக்கும் கட்டை) கழற்றி, பேரலும் சுடும் பொறியும் அடங்கிய ஆக்‌ஷனை மரக்கட்டைக்கு நடுவே வைத்து வைஸில் பிடிப்பது நல்லது. வைஸ் இல்லையென்றால் மணல் பை போதும், ஆனால் பை ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்கட்டையின் அதே இடத்தில் பட வேண்டும், சிலிண்டரிலோ பேரலிலோ படக் கூடாது. புது லாட் போட்டதும் முதல் 15 பெல்லட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய பெல்லட் விட்டுப்போன ஈயப் பூச்சு மாறி பேரல் பழக அவ்வளவு வேண்டும். பிறகு லாட்டுக்கு மூன்று அட்டை, அட்டைக்கு 10. ஐந்து ஷாட் குரூப்பை நம்பாதீர்கள், ஐந்தில் எந்தச் சாதாரண பெல்லட்டும் ஒரு தடவை அழகாக விழுந்துவிடும். ஒரு லாட்டின் மூன்று அட்டையையும் தொடர்ச்சியாகச் சுடாமல் மாற்றி மாற்றிச் சுடுங்கள், இல்லாவிட்டால் கடைசி லாட்டுக்குக் குறைந்த அழுத்தத்தின் பழி விழும். நல்ல லாட் வைஸில் வெளி விளிம்பு அளவில் 5.5 முதல் 6 மி.மீ.க்குள் நிற்பது வழக்கம். பெல்லட்டே 4.5 மி.மீ. என்பதை நினைத்தால் அது ஒரே ஓட்டை கொஞ்சம் பெருத்த மாதிரிதான் இருக்கும்.

எடை போட வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 0.53-இல் 0.01 கிராம் கூடினால் வேகம் சுமார் 1.6 மீ/வி குறையும், மேலே சொன்ன கணக்குப்படி 0.3 மி.மீ. தாழும். மேட்ச் லாட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் அபூர்வம், அதனால் எடை போடுவது நேர விரயம். மலிவான பயிற்சி டப்பாவில் மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். எடையைவிட பாவாடைதான் ஆபத்து. பெல்லட்டின் பின்பகுதி மெல்லிய ஈயம், நகத்தால் அழுத்தினாலே நெளியும். வெள்ளைத் தாளில் பத்துப் பத்தாகக் கொட்டி, பாவாடை வட்டமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையான பெல்லட்டில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும், அது எந்தத் திசைக்குப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைப் பொடி பூத்ததைத் தூக்கிப் போடுங்கள். சுட்டு முடித்ததும் மகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், அதற்கு முன் எதையும் சாப்பிடக் கூடாது. இது ஈயம்.

ஆனால் ஒன்று. பெல்லட் மோசமாக இருந்தால் அகலமும் சேர்ந்து விரியும். உங்களுக்கு அகலம் 6.5-இல் நிற்கிறது. அதனால் முதல் குற்றவாளி பெல்லட் இல்லை. லாட் சோதனையை மற்றதெல்லாம் சரியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லை_177 எழுதியது:

நன்றி இருவருக்கும். 2014 சிலிண்டரைக் காலி செய்துவிட்டேன், அறுக்க லேத் கடைக்குக் கொடுக்கிறேன். குரோனோ கிடைத்தது. 2019 சிலிண்டரில் எடுத்த எண்கள், மீ/வியில்:

15 நிமிடம் கழித்து முதல் ஷாட் 177.1. அதன்பின் 170.2, 169.8, 170.5, 169.9, 170.3, 169.6, 170.4, 170.0, 169.7.
5 நிமிட இடைவெளிக்குப் பின் 173.8.
70 பாரில் 169.5, 169.9, 169.4. 60 பாரில் 167.4, 167.0, 166.8. 50 பாரில் 163.2, 162.5, 161.9.

காற்றுக்குழல் எழுதியது:

எண்களே எல்லாம் சொல்லிவிட்டன.

முதல் ஷாட் 7 மீ/வி கூடுதல், அட்டையில் நீங்கள் அளந்த 1.5 மி.மீ.க்கு அப்படியே பொருந்துகிறது. ரெகுலேட்டர் ஊர்கிறது என்பதில் சந்தேகமில்லை. போட்டியில் இது எவ்வளவு பாதிக்கும் என்று பாருங்கள். ஏர் ரைஃபிளில் 10-ஆம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் நடு அந்த மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9, ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம், அதாவது ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம். ஒரு நிமிட இடைவெளியில் உங்கள் ரைஃபிள் நிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் மகள் மூச்சு வாங்க ரைஃபிளைக் கீழே வைத்து 5 நிமிடம் நின்றால் அடுத்த ஷாட் 0.8 மி.மீ. ஏறும், மூன்று தசமம் போகும். பதினைந்து நிமிடம் என்றால் 10.9 ஆகவேண்டியது 10.4. அப்போது ஒரு தடவை வெறும் காற்றை விட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். கூடாது. மேட்ச் தொடங்கியபின் பெல்லட் இல்லாமல் காற்றை விட்டால் அது மிஸ், பூஜ்யம்.

கீழ் முனையில் 70 பாருக்குக் கீழே ரெகுலேட்டருக்குப் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை. 50 பாரில் 8 மீ/வி போய்விட்டது, 1.6 மி.மீ. தாழும். நீங்கள் 50 வரை சுட்ட அட்டைகளில்தான் குரூப் கீழ்நோக்கி வழிந்திருக்க வேண்டும், அட்டைகளை எடுத்துப் பாருங்கள். இனி 80 காட்டியதும் நிறுத்தி நிரப்பிவிடுங்கள். போட்டிக்கு முழு சிலிண்டரோடுதான் போக வேண்டும்.

நடுப்பகுதி ஒன்பது ஷாட்டின் விரிவு 0.9 மீ/வி. இது 0.2 மி.மீ.க்கு மேல் தராது. ஆக, முழு அழுத்தத்தில் சுட்ட அட்டைகளும் 7.5 உயரம் காட்டினால் அதற்குக் காரணம் காற்று கிடையாது.

ரெகுலேட்டரை நீங்களே பிரிப்பது பற்றி: வேண்டாம். ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சீட்டில் ஒரு தூசி அல்லது ஒரு சின்னக் குழி. சீட்டைச் சுரண்டினால் முடிந்தது கதை, புது சீட்தான். உள்ளே கிண்ணம் மாதிரி வளைந்த ஸ்பிரிங் வாஷர்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கியிருக்கும், ஒன்றைத் திருப்பிப் போட்டால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். இதைவிட முக்கியமான விஷயம், சிலிண்டரைக் கழற்றிய பிறகும் ரெகுலேட்டருக்கு முன்னால் காற்று அடைபட்டிருக்கும். கழற்றியதும் பாதுகாப்பான திசையில், பெல்லட் இல்லாமல், சத்தம் அறவே நிற்கும்வரை மூன்று நான்கு முறை சுட்டுக் காலி செய்யாமல் எந்தத் திருகிலும் கை வைக்காதீர்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்கே அனுப்புங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ப்ரீச் சீல் சோதனை, அதாவது பெல்லட் போடும் வாயில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது. டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து லோடிங் வாயின் மூடிய இடுக்கின் மேல் போட்டுச் சுடுங்கள். பேப்பர் துடித்தால் அங்கே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது. அதை மாற்றுவது சுலபம்: பழையதைப் பல் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழும். புதியதில் சிலிக்கான் கிரீஸ் விரல் நுனியில் பட்டும் படாமலும். உயர் அழுத்தக் காற்று படும் எந்த இடத்திலும் தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40 மாதிரி பெட்ரோலிய எண்ணெய் கூடவே கூடாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றோடு எண்ணெய் ஆவி சேர்ந்தால் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும்.

தூசி எப்படி வந்தது என்றால், கை பம்ப்பைத்தான் சந்தேகப்படுகிறேன். பம்ப்பைவிட்டு டைவிங் கடைச் சிலிண்டருக்கு மாறிவிடுங்கள்.

மதுரை_டயாப்டர் எழுதியது:

கை பம்ப்பே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. எல்லா ஊரிலும் டைவிங் சிலிண்டர் நிரப்பித் தர ஆள் இருப்பதில்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொண்டு பம்ப் அடிக்க வேண்டும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர். 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு ஏற்ற 40 லிட்டர் வெளிக்காற்று வேண்டும், அதில் ஏறக்குறைய 1 கிராம் தண்ணீர். ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் இவ்வளவு! பம்ப் தானாகக் கொஞ்சம் வடிகட்டும், மிச்சம் உள்ளே போய் வால்வைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் ஏசி அறையில் அடியுங்கள். 50 அடிக்கு ஒரு தடவை காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிடுங்கள், வெள்ளையாகத் தெறிப்பதே அந்தத் தண்ணீர். பம்ப் சூடானால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். காற்று உள்ளே போகும் வாயில் சிலிக்கா ஜெல் குழாய் ஒன்று மாட்டி, மணி நிறம் மாறியதும் மாற்றுங்கள். டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புவதானால் வால்வை இழை இழையாகத் திறக்க வேண்டும். தாய்ச் சிலிண்டர் 300 பார் என்றால் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் 200-க்குள் நிறுத்த வேண்டும். மருத்துவ ஆக்சிஜன் எக்காரணத்துக்கும் கூடாது, வெடிக்கும்.

மிச்சமிருக்கும் அந்த 1 மி.மீ.க்கு ஆலன் கீ எடுங்கள். ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகளை முழுதாகத் தளர்த்தி, ஆக்‌ஷனைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்தபடி, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். கைமாறி வந்த ரைஃபிளில் இது தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு பீப் சைட்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சைட் மாட்டியிருக்கும் பள்ளத்தில் (ரெயில்) முடி அளவு ஆட்டம் இருந்தாலும் அட்டையில் அது பத்து மடங்குக்கு மேல் பெருகும். சைட் திருகின் க்ளிக்கைத் திருப்பும்போது எப்போதும் ஒரே திசையில் வந்து முடியுங்கள்: கீழே இறக்க வேண்டுமென்றால் நான்கு அதிகம் இறக்கி நான்கு ஏற்றுங்கள், திருகின் தளர்வு ஒரு பக்கமாகவே நிற்கும்.

மகள் சுடும்போது உயரம் இன்னும் நீண்டால் முன்சைட் ரிங்கை (அட்டையின் கறுப்பை நடுவே வைத்துப் பார்க்கும் வளையம்) பாருங்கள். அட்டையின் கறுப்பு 30.5 மி.மீ., கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ரிங்கில் அது 3 மி.மீ. வட்டமாகத் தெரியும். ரிங் 3.4 என்றால் வெள்ளை வளையம் நூல் மாதிரி ஆகிவிடும், கண் களைத்ததும் கறுப்பு ரிங்கோடு ஒட்டி மேலும் கீழும் தவறும். வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு 4.0, 4.2 என்று தாராளமாகக் கொடுப்பதுதான் நல்லது. நன்றாக ஆடத் தொடங்கியபின் குறைக்கலாம்.

நெல்லை_177 எழுதியது:

டிஷ்யூ பேப்பர் அசையவில்லை. ஸ்டாக் திருகுகளில் பின்பக்கத்தது கையாலேயே அரைச் சுற்று சுற்றியது. இறுக்கி, 150 முதல் 90 பாருக்குள் நான்கு அட்டை சுட்டேன். முதல் ஷாட்டை நீக்கி அகலம் 6.4, உயரம் 6.6. ரெகுலேட்டரை சர்வீஸுக்கு அனுப்புகிறேன். சிலிண்டரையும் சேர்த்தே கூரியரில் போடலாமா?

காற்றுக்குழல் எழுதியது:

காற்றோடு அனுப்பக் கூடாது. 2019 சிலிண்டரை முழுதும் காலி செய்து, கழற்றி, மரைக்கு மூடி போட்டுத் தனியாகச் சுற்றுங்கள். காலி செய்யும்போது ஒரேயடியாகத் திறந்தால் வால்வு பனிக்கட்டி மாதிரி குளிர்ந்து ஓ-ரிங் விறைத்துக் கீறும். கால் சுற்று திறப்பது, நிறுத்துவது என்று பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்சலில் இந்தக் குரோனோ எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், இடைவெளி நிமிடங்களோடு. அதைப் பார்த்தால் சீட் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்குக்கு உடனே புரியும். திரும்பி வந்ததும் பழைய சைட் புள்ளியை நம்பாதீர்கள், அறை அழுத்தம் மாறியிருக்கும். முதலில் குரோனோ, பிறகு சைட்டைச் சரிசெய்வது, அதற்குப் பிறகு பத்தரை சொன்ன லாட் சோதனை.